சிலை எங்கே முடிகிறது?

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. இதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த 133-இல் பீடம் மட்டும் 38 அடி. மேலே நிற்கும் உருவம் 95 அடி. பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக, உருவம் பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்காக என்று கணக்குப் போட்டுக் கட்டினார் கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி 1 அன்று திறந்ததிலிருந்து இந்தச் சிலை நூல் அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் வந்தபடி இருக்கிறது. பலவற்றில் பீடத்தைக் காணோம். தலைப்புக்கு இடம் போதவில்லை என்று லேஅவுட் செய்தவர் முழங்காலோடு நறுக்கியிருப்பார். கொஞ்சம் கல்லைத்தானே வெட்டினோம் என்று நினைத்திருப்பார். வெட்டுப்பட்டது அறத்துப்பால்.

பொதுவெளியில் நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து அச்சுக்கு அனுப்புகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: இந்தப் படைப்பு எங்கே முடிகிறது? அருங்காட்சியகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. வெள்ளைச் சுவர், மேலே ஒரு விளக்கு, அவ்வளவுதான். சாலையோரத்திலோ கடற்கரையிலோ நிற்கும் சிலைக்குப் பீடம் உண்டு, பீடத்தில் எழுத்து உண்டு, பார்க்கும் திசை உண்டு, முன்னால் விட்ட வெளி உண்டு. இவற்றில் சிற்பி யோசித்து வைத்தவை எவை, பின்னால் நகராட்சியும் கட்சிக்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்த்தவை எவை, எதேச்சையாக வந்து நிற்கும் மின்கம்பம் எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் கிராப் செய்யும் வேலையில் பாதி முடிந்த மாதிரி. சிற்பி வைத்ததில் கை வைக்காதீர்கள். மின்கம்பத்தைத் தயங்காமல் தள்ளுங்கள். தலைவலி எல்லாம் நடுவில் இருப்பவற்றோடுதான். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பக்கத்தின் அளவு முதலில்

கேமராவைத் தூக்குவதற்கு முன் படம் எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வரப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சட்டம் 3:2. கைபேசியில் வழக்கமாக 4:3. ஏ4 பக்கம் 210×297 மி.மீ.; ஓரம் வரை படம் ஓடும் பக்கமென்றால் நாலு புறமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டில் போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து 216×303 மி.மீ. கேட்பார்கள். மூன்றும் மூன்று விகிதம். அதனால் நீங்கள் எவ்வளவு கச்சிதமாக எடுத்தாலும் எங்கோ ஒரு பக்கம் வெட்டு விழுந்தே தீரும்.

எங்கே விழும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நிமிர்த்திப் பிடித்து எடுத்த 3:2 படத்தை ஏ4 முழுப்பக்கத்தில் பொருத்தினால் உயரத்தில் 100-க்கு 6 பங்குக்கு மேல் போகும். கைபேசிப் படத்தில் உயரம் தப்பிக்கும், அகலத்தில் 5 பங்கு போகும். அதற்குமேல் கட்டிங் மெஷின் தன் பங்குக்கு 3 மி.மீ. எடுத்துக்கொள்ளும். சிலையைச் சட்டத்தில் அடைத்து, உச்சந்தலை மேல் விளிம்பையும் பீடம் கீழ் விளிம்பையும் தொட எடுத்தவருக்கு இதற்கெல்லாம் கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது. உச்சிக்கு மேலும் பீடத்துக்குக் கீழும் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்காவது வெளி விட்டு எடுங்கள். திரையில் பார்க்கும்போது சிலை சிறிதாகத் தெரியும், பரவாயில்லை.

அட்டைப்படமென்றால் இன்னும் தாராளம் வேண்டும். இதழின் பெயர் மேல் கால்பகுதியைத் தின்றுவிடும். தலைக்கு மேலே வானம் இல்லாத படத்தை அட்டைக்குக் கொடுத்தால், வடிவமைப்பாளர் ஒன்று எழுத்தைச் சிலையின் நெற்றியில் ஒட்டுவார், அல்லது இல்லாத வானத்தைக் கணினியில் நீட்டி வரைவார். இரண்டும் உங்கள் பெயரில்தான் வெளிவரும்.

பிக்சல் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். ஆர்ட் பேப்பரில் நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கம். பிளீடோடு சேர்த்து ஏ4 பக்கத்துக்கு 2551×3579 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000×4000. படுக்கைவாட்டில் எடுத்த அந்தப் படத்திலிருந்து நிமிர்ந்த முழுப்பக்கம் ஒன்றை வெட்டினால் 2850×4000 அளவுக்குத்தான் கிடைக்கும். படத்தில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போய்விடும், ஆனாலும் அச்சுக்கு மட்டுமட்டாகத் தேறும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படத்தில் இதே வேலையைச் செய்தால் அங்குலத்துக்கு 250 பிக்சல்தான் மிஞ்சும். மேப்லித்தோ தாளில் அது ஓடிவிடும், ஆர்ட் பேப்பரில் கண்ணுக்குத் தட்டும். டெம்மி 1/8 அளவு நூலுக்கு இவ்வளவு கவலை வேண்டாம், பக்கமே சின்னது. எதற்கும் ஒரே இடத்தில் நின்று நிமிர்த்தியும் படுக்கைவாட்டிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பக்கத்தில் போடப்போகிறார்கள் என்பது கடைசி நாள் வரை மாறிக்கொண்டேதான் இருக்கும்.

தள்ளி நில்லுங்கள்

பீடத்தோடு சேர்த்து 6 மீட்டர் உயரமுள்ள ஒரு சிலைக்கு 3 மீட்டர் தூரத்தில் நின்றால், உச்சியைப் பார்க்கக் கழுத்தை ஏறத்தாழ 56 பாகை தூக்க வேண்டும். 15 மீட்டர் தள்ளிப் போனால் 16 பாகை போதும். கிட்டே நின்று எடுத்த படத்தில் முழங்கால்கள் பெருத்து, தலை சுருங்கி, தாடைக்கு மேலே மூக்குத் துவாரம் தெரியும். கணினியில் நிமிர்த்திச் சரிசெய்யலாம் என்பார்கள். செய்யலாம். மேற்பகுதியை இழுத்து அகலமாக்கித்தான் அந்தத் திருத்தம் நடக்கிறது. இழுத்த இழுப்பில் இரண்டு ஓரமும் முக்கோணமாகக் கழியும், தலை மங்கும், முகத்தின் நீளமும் மாறிப்போகும். சிற்பி அளந்து செய்த முகத்தை நாம் மாற்றுவதற்கில்லை.

சென்னை தீவுத்திடலுக்கு அருகே அண்ணா சாலையில் குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோ சிலை இதற்கு நல்ல பயிற்சிக்களம். பிரான்சிஸ் சான்ட்ரி செய்த வெண்கலம், 1839-இல் நிறுவியது. பீடம் மிக உயரம். அடியில் போய் நின்றால் குதிரையின் வயிறுதான் கிடைக்கும். எட்டிப் போய் 135 அல்லது 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சவாரி செய்பவரும் குதிரையும் ஒரே அளவு மரியாதையோடு வருவார்கள். இந்தச் சிலையில் பேர்போன விஷயம் ஒன்று உண்டு: குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அது பக்கவாட்டிலிருந்துதான் சரியாகத் தெரியும். மன்றோவின் முகத்துக்காக மார்பளவு வெட்டினால் பார்த்து வியக்க வேண்டிய பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விடும். குதிரையை வெட்டுவதென்றால் கால் மூட்டிலோ குளம்பிலோ வெட்டாதீர்கள். மூட்டில் விழும் வெட்டு உறுப்பை முறித்தது போலிருக்கும். மனித உருவத்துக்கும் இதே விதி: தொடையின் நடுவில் வெட்டலாம், முழங்காலில் கூடாது; மேற்கையில் வெட்டலாம், மணிக்கட்டில் கூடாது.

வெளிச்சம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முந்தைய நாளே போய்ப் பார்த்துவிடுங்கள். மேற்கே சாலை, கிழக்கே கடல் என்றிருக்கும் மெரினாவில், சாலையைப் பார்த்து நிற்கும் உருவத்துக்குக் காலையில் வெயில் முதுகில் விழும், முகம் கரியாகிவிடும். மாலை 4 மணிக்கு மேல் போங்கள். வெண்கலத்துக்குப் பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால் கேமராவின் கணக்கு ஏமாந்துபோகும். ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள். தங்க வண்ணம் பூசிய சிலைகளுக்கு நேர்மாறு, குறைத்து எடுக்க வேண்டும்.

உழைப்பாளர் சிலையில் எது எல்லை

மெரினாவில் நிற்பவற்றிலேயே கிராப் செய்யக் கடினமானது உழைப்பாளர் சிலை என்பது என் எண்ணம். சென்னை கலைப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவினார்கள். நான்கு ஆட்கள், ஒரு பாறை. பாறை இன்னும் அசையவில்லை.

நகரும் பொருளுக்கு முன்னால் இடம் விடு என்பது படக்கலையில் எல்லாரும் சொல்லித்தரும் பாடம். ஓடுகிறவனுக்கு முன்னால் ஓட இடம் வேண்டும், பார்க்கிறவளுக்கு முன்னால் பார்வை போக இடம் வேண்டும். இந்தச் சிலைக்கு அந்தப் பாடத்தை அப்படியே போட்டால் படம் நீர்த்துவிடும். பாறைக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டுப் பாருங்கள்: எந்த நேரமும் உருண்டு போய்விடலாம் என்பது போல வேலை இலேசாகத் தெரியும். பாறையின் பக்கத்தை இறுக்கி, ஆட்களின் முதுகுக்குப் பின்னால் இடம் விடுங்கள். பக்கத்தின் விளிம்பும் சேர்ந்துகொண்டு பாறையை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது; அவர்கள் பாடு இரண்டு மடங்காகத் தெரிகிறது. அச்சில் இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. பாறை இருக்கும் புறம் பைண்டிங்கை நோக்கி வரும்படி இடப்பக்கத்திலோ வலப்பக்கத்திலோ படத்தை வையுங்கள். மொத்த விசையும் நூலின் உள்ளே போகும். வெளி விளிம்பை நோக்கி வைத்தால் வாசகரின் கண்ணையும் சேர்த்துப் பக்கத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

இடம் தோதாக அமையவில்லை என்று படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடும் கெட்ட பழக்கம் சில இதழ்களில் இருக்கிறது. சிற்பத்தில் இதைச் செய்யவே கூடாது. கன்னியாகுமரி வள்ளுவரைத் திருப்பினால் வலக்கை காட்டும் மூன்று விரல்கள் இடக்கைக்கு வந்துவிடும். பீடத்தில் எழுத்து இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

உழைப்பாளர் சிலைக்கு நெருங்கி வெட்டுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. இதே சிற்பத்தின் நகல் ஒன்று டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு முன்னால் நிற்கிறது. உருவங்களை மட்டும் இறுக்கி வெட்டிய படத்தைக் காட்டினால் இது சென்னையா டெல்லியா என்று யாராலும் சொல்ல முடியாது. சென்னையில் நிற்பதைச் சென்னையினுடையதாக ஆக்குவது பின்னால் இருக்கும் கடற்கரை. 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரை அது. பின்னணியில் ஒரு விரற்கடை மணலும் அடிவானமும் விழுந்தால் அதை வெட்டிவிட்டு முகங்களைப் பெரிதாக்க வேண்டாம். உள்பக்கத்தில் நரம்பும் தசையும் காட்ட வேறொரு படம் வைத்துக்கொள்ளலாம்.

அடிவானம் என்றதும் ஓர் எச்சரிக்கை. கணினியில் படத்தைத் தானாக நிமிர்த்தும் பொத்தானைக் கடற்கரைப் படங்களில் தொடாதீர்கள். வள்ளுவர் சிலையின் இடுப்பில் இலேசான வளைவு உண்டு. கணபதி ஸ்தபதி வேண்டுமென்றே வைத்தது. சாய்ந்திருக்கிறதே என்று அதை நிமிர்த்தினால் கடல் ஒருபுறம் வடிந்துவிடும். நேர் பார்க்க வேண்டியது அடிவானத்தை. அது மட்டமாக இருந்தால் சிலை எப்படி நிற்கிறதோ அப்படியே நிற்கட்டும்.

ராய் சௌத்ரியின் இன்னொரு படைப்பு எதிர்ச் சிக்கலைத் தரும். டெல்லி சர்தார் படேல் மார்க்கில் உள்ள தண்டி யாத்திரைச் சிற்பத்தில் காந்தி முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பேர் வருகிறார்கள். ‘பதினோரு உருவங்கள்’ என்றே அங்கே பெயர். நெடுக நீண்ட இந்தச் சிற்பத்தை நிமிர்ந்த பக்கத்தில் வைக்கச் சொன்னால் எல்லாரும் செய்வது காந்தியை மட்டும் வெட்டி எடுப்பது. கிடைப்பது நல்ல காந்தி படம்தான், யாத்திரை போய்விட்டது. இதற்குப் பக்கத்தின் மேல் பாதியிலோ இரட்டைப் பக்கத்தின் குறுக்கிலோ ஒரு பட்டையாக இடம் கேளுங்கள். தண்டி யாத்திரைக் காட்சியைத் தாங்கிய பழைய 500 ரூபாய் நோட்டின் அளவு 167×73 மி.மீ.; அகலம் உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்கு. ஊர்வலத்துக்கு ஏற்ற சட்டம் அதுதான்.

மெரினாக் கண்ணகியிடமும் இதே சோதனை வரும். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் ஒன்று. சிலம்பேந்தி நீண்ட அந்தக் கை நிமிர்ந்த அட்டைக்குள் அடங்குவதில்லை. அடங்கவில்லை என்று கையை நறுக்கினால், நீதி கேட்டு வந்தவள் வெறும் கோபக்காரியாகி நிற்பாள். உருவத்தைச் சிறிதாக்குங்கள், கை நீளும் பக்கத்தில் விரல்களுக்கு அப்பாலும் வெளி விடுங்கள். எஞ்சிய வானத்தில் தலைப்பு தாராளமாக உட்காரும்.

இரட்டைப் பக்கமும் மாமல்லபுரமும்

பொதுவெளிச் சிற்பம் என்று பேச வந்துவிட்டு மாமல்லபுரத்தை விட முடியாது. அர்ச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லப்படும் அந்தப் பாறைச் சிற்பம் பல்லவர் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. தெருவோடு போகிறவர் யாரும் நின்று பார்க்கலாம். கிழக்கு பார்த்த பாறை. சூரியன் கொஞ்சம் மேலேறியதும் வெயில் சாய்வாக உராய்ந்து இறங்கி ஒவ்வோர் உருவத்துக்கும் அடியில் நிழல் கோடு போடும். அந்த நேரத்தைப் பிடியுங்கள். பிற்பகலில் பாறை முழுவதும் ஒரே நிறமாகிவிடும்.

இதை நூலில் போட இரட்டைப் பக்கம்தான் சரி. நடுவில் பைண்டிங் போகும். பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் செய்த தடித்த நூலில் இரு பக்கமும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே மடங்கிக் காணாமல் போய்விடும். சிற்பத்தைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது: நடுவில்தான் இயற்கையாகவே ஒரு பிளவு இருக்கிறதே, அதைப் பைண்டிங்கின் மேல் வைத்துவிட்டால் போயிற்று. பார்க்க நேர்த்தியான யோசனை. செய்யாதீர்கள். பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். கைகூப்பி நீரோடு மேலெழும் அந்த நாகர்கள் பசைக்குள் புதைந்துவிடுவார்கள். படத்தை ஒருபுறம் கொஞ்சம் நகர்த்தி, பைண்டிங் உருவம் குறைந்த பரப்பிலோ இரண்டு உருவங்களின் இடைவெளியிலோ விழும்படி பாருங்கள். சரியான இடம் கிடைக்கும்வரை தாளை மடித்து மடித்துத்தான் பார்க்க வேண்டும். திரையில் இது தெரியாது.

எதை விடுகிறோம் என்பது இங்கே கதையையே தீர்மானிக்கிறது. பிளவுக்கு இடப்புறம் ஒற்றைக்காலில் கைதூக்கி நிற்கும் தவசியையும் அருகே நிற்கும் சிவனையும் மட்டும் சட்டத்துக்குள் எடுத்தால், வரம் கேட்கும் அர்ச்சுனன் என்று படம் சொல்லிவிடும். பிளவையும் நாகர்களையும் சேர்த்தால் கங்கை வந்துவிடுகிறது, பகீரதனும் வந்துவிடுகிறான். அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் வழக்கில் நீங்கள் கிராப் கருவியால் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கட்டுரையாசிரியர் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

சிறு பகுதிகளை வெட்டி எடுக்கும்போது அளவு தெரிய ஏதாவது ஒன்றை விட்டுவைக்க வேண்டும். யானைகளின் காலடியில் தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் எல்லாருக்கும் பிடித்த மூலை. பூனையை மட்டும் முழுப்பக்கம் போட்டால் அது தனிச் சிற்பம் போல, ஓர் ஆள் உயரம் இருக்கும் போல ஆகிவிடும். யானையின் கால் ஒன்றை ஓரத்தில் விட்டுப் பாருங்கள். பெரிய தவத்தின் காலடியில் நடக்கும் போலித் தவம் என்ற நையாண்டி அப்போதுதான் பிடிபடும்.

கூண்டு

இப்போது அந்த நடு வகைக்கு வருவோம். சிற்பி வைக்காதது, ஆனால் எதேச்சையாகவும் வராதது.

தமிழ்நாட்டு ஊர்களில் அம்பேத்கர் சிலைகள் பல கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. உடைக்க வருகிறவர்களிடமிருந்து காக்க வைத்த கூண்டு. படக்கலைஞருக்குக் கூண்டு தொல்லை. முகத்தின் குறுக்கே கம்பி ஓடும். அதை மறைக்கும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: லென்ஸைக் கம்பியோடு ஒட்டி வைத்து, எஃப் 2.8 போலத் துளையை அகலத் திறந்து, முகத்தில் ஃபோகஸ் செய்தால் கம்பி கரைந்து காணாமல் போகும். கூண்டே இல்லாத அம்பேத்கர் கிடைத்துவிடுவார்.

அந்தப் படத்தை அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்று நூலில் போடுங்கள், தவறில்லை. அங்கே பேச்சு அவரைப் பற்றியது. ஊர்ச் சிலைகளைப் பற்றிய நூலில், நாளிதழில், ஆய்வறிக்கையில் அதைப் போட்டால் அது பொய். அங்கே கூண்டும் ஆவணம். பூட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். கம்பிகளைத் தொல்லையாகப் பார்க்காமல் சட்டமாகப் பயன்படுத்தினால் படமும் வலுவாக அமையும்: நேர் எதிரே நின்று, கம்பிகள் செங்குத்தாகவும் இடைவெளி சீராகவும் விழ, இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகம் முழுசாகத் தெரியும்படி எடுங்கள். சுட்டிய விரல் கம்பியில் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலைகள், கட்சித் துண்டுகள், பிறந்தநாளுக்குப் பூசிய புதுவண்ணம், தேர்தல் வந்தால் தலைவர் சிலைகளுக்குப் போர்த்தும் துணி, எல்லாம் இந்த வகைதான். காய்ந்த மாலையைக் கணினியில் அழிக்கச் சொல்வார்கள். வேண்டாம். மாலை விழும் நாளில் ஒன்று, வெறும் நாளில் ஒன்று என்று இரண்டு தரம் போய் எடுத்துக் கொடுங்கள். ஃபிளெக்ஸ் பேனர் மட்டும் எனக்கு இன்னும் முடிவாகாத வழக்கு. பெரும்பாலும் இரண்டடி நகர்ந்து மரத்துக்குப் பின்னால் மறைத்துவிடுகிறேன். பேனரில் இருக்கும் முகம் பீடத்தில் இருக்கும் முகத்தைவிடப் பெரிதாக இருந்தால் விட்டுவைக்கிறேன்.

சுவரோவியம்

சென்னையின் கண்ணகி நகரில் அடுக்குக் குடியிருப்புகளின் சுவர்களில் வரைந்திருப்பது போன்ற பெரிய ஓவியங்களுக்கு வேறு முறை. சுவருக்கு நேர் எதிரே, ஓவியத்தின் நட்டநடுவில், கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக இருக்கும்படி நில்லுங்கள். சாய்ந்து எடுத்தால் செவ்வகம் சரிவகமாகும். எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடி கிடைத்தால் இன்னும் நல்லது. கதவைத் தட்டிக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஓவியத்தின் விளிம்போடு வெட்டிவிடாமல் கொஞ்சம் சுவர், ஒரு ஜன்னல், கொடியில் காயும் துணி, வாசலில் ஓர் ஆள் விட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் அது காகிதத்தில் வரைந்த படமா ஐந்து மாடிச் சுவரா என்று அச்சில் தெரியாது. ஆள் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர் வீட்டு வாசல்.

சட்டத்திலும் சிலை வேறு, சுவரோவியம் வேறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடுவதைப் பதிப்புரிமை மீறலாகக் கொள்வதில்லை. அந்த வரியில் ஓவியம் இல்லை. எனவே சுவரோவியத்தை அட்டையில் போடுவதற்கு முன் வரைந்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கக் கலைஞருக்கு இடம் தருகிறது. விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்துச் சேதமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அதன் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அது சிற்பத்தையே உடைத்ததைப் பற்றிய வழக்கு, படத்தை வெட்டியதைப் பற்றியதல்ல. இருந்தாலும் வாழும் கலைஞரின் படைப்பைத் துண்டாக வெளியிடும்போது, துண்டு என்பதைப் படக்குறிப்பில் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

படக்குறிப்பில் சிற்பியின் பெயர் வேண்டும். நம் இதழ்களில் படமெடுத்தவர் பெயர் வரும், சிலையைத் திறந்து வைத்தவர் பெயர்கூட வரும், செய்தவர் பெயர் வராது. எடுத்த மாதமும் ஆண்டும் வேண்டும். மெரினாக் கண்ணகி 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006 ஜூனில்தான் திரும்ப வந்தாள். தேதி இல்லாத படம் எந்தக் கண்ணகியைக் காட்டுகிறது என்று பிற்காலத்தில் ஆய்வு செய்கிறவருக்குத் தெரியாது.

அச்சகத்தில்

கறுத்த வெண்கலம் மேப்லித்தோ தாளில் மை உறிஞ்சி இன்னும் கறுக்கும்; மடிப்புகள் எல்லாம் ஒரே அட்டக்கரியாகிவிடும். நிழல் பகுதிகளைத் திரையில் கொஞ்சம் வெளுத்த மாதிரித் தெரியும்வரை தூக்கிவிட்டு அனுப்புங்கள். கடல் நீலமும் வான நீலமும் நான்கு மை அச்சில் திரையில் கண்ட பளபளப்போடு வராது, அதற்காக அச்சகத்தாரோடு சண்டை போடுவதில் பயனில்லை. வெட்டிய படத்தோடு வெட்டாத மூலத்தையும் தனிக் கோப்பாகக் கொடுங்கள். கடைசி நேரத்தில் பக்க அளவு மாறினால், வெட்டியதையே மறுபடி வெட்டாமல் முழுப்படத்திலிருந்து புதிதாக வெட்டலாம்.

புரூஃப் வந்ததும் நிறத்தை அப்புறம் பாருங்கள். கட்டிங் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, அங்கிருந்து சிலையின் கடைசி விரல்நுனி, பீடத்தின் கடைசிப் படி, கொடியோ வாளோ இருந்தால் அதன் முனை எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 5-க்குக் குறைவாக இருந்தால் படத்தைச் சிறிதாக்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். இரட்டைப் பக்கமென்றால் புரூஃபை நடுவில் மடித்து, பைண்டிங் விழும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.